நிலாவுக்கு ஒரு சாண்

அம்மாவுக்கு ஒரு விசயத்தை விளங்கப்படுத்தப் பார்த்துப் பத்து வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தேன். வினிபெக்கில் ஒரு தை மாதக் காலை. மைனஸ் 31. பஸ் தரிப்பில் நின்றபடி அவவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். வானத்தில் முகில் ஒரு பொட்டும் இல்லை. ஆனால் என் மூக்குக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், காற்று முழுக்க ஊசிமுனைகளாக மினுங்கிக்கொண்டிருந்தது. விழுகிற மாதிரியும் இல்லை, பறக்கிற மாதிரியும் இல்லை. நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிக் கண் சிமிட்டின. கைப்பேசியைத் தூக்கிச் சூரியன் பக்கம் காட்டினேன்.

"என்னத்த மனே காட்டுறாய்? ஒண்டும் தெரியல்லயே."

"பனி அம்மா. காத்துக்குள்ள பனி மினுங்குது."

"பனியா? இஞ்சயும் விடிய நல்ல பனிதான். பூவரசெல்லாம் சொட்டுது."

குற்றம் அவவில் இல்லை. விடியப் புல்லில் சொட்டுவதும் நமக்குப் பனி, வயலை மூடி நிற்பதும் பனி, நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதும் பனி, கனடாவில் கூரையை மூடுவதும் பனி. வானத்திலிருந்து கட்டியாக விழுவதற்கு மட்டும் பழைய தமிழில் ஆலி என்று தனிச்சொல் இருந்தது. ஆலங்கட்டி மழையில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகிலே இல்லாத வானத்தின் கீழ், தரைக்குச் சற்று மேலே, விழ மனமில்லாமல் மிதக்கும் பனித்துணுக்குக்குச் சொல் இல்லை. கண்டிராத பொருளுக்கு யார் பெயர் வைப்பார்கள்? ஆங்கிலத்தில் அதை வைரத்தூசி என்கிறார்கள். விமான நிலைய வானிலைக் குறிப்புகளில் ஐ.சி. என்று இரண்டே எழுத்து. வைரத்தூசி என்று அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அப்ப கொஞ்சம் கூட்டி அள்ளி அனுப்பன்" என்றா.

இந்த வருடம் தைப்பூசத்துக்கு ஊரில் நிற்பது என்று முடிவெடுத்தேன். வினிபெக்கிலிருந்து ரொறன்ரோ, அங்கிருந்து டோஹா, டோஹாவிலிருந்து கட்டுநாயக்கா. கடைசித் துண்டுப் பயணத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. முன்னாலிருந்த திரையில் உயரம் 11,000 மீற்றருக்கு மேல், வெளியே மைனஸ் 54 என்று காட்டியது. கீழே மெல்லிய முகிற்படை. அதன்மேல் ஓர் ஒளிப்பொட்டு விமானத்தோடு கூடவே ஓடி வந்தது. முதலில் கடலில் பட்டுத் திரும்பும் வெயில் என்று நினைத்தேன். கடல் தெரியவே இல்லை. முகிலுக்குள் கிடையாக மிதக்கும் அறுகோணத் தட்டுகள், ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, எல்லாமாகச் சேர்ந்து ஒரே கண்ணாடியாகிச் சூரியனை மேல்நோக்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. வினிபெக் பஸ் தரிப்பில் என் மூக்குக்கு முன்னால் மினுங்கிய அதே சாதிச் சாமான். அரபிக் கடலின் வெக்கைக்கு மேலேயும் அது இருக்கிறது என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. தூங்கிவிட்டேன்.

திருக்கோணமலையிலிருந்து மூதூருக்கு என் சின்ன வயதில் லோஞ்சில்தான் போவோம். கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து, எண்ணெய் மணமும் மீன் மணமும் கலந்த காற்றில், அம்மாவின் மடியில் வாந்தி எடுத்தபடி. தரைவழியால் வந்தால் ஆற்றுக்கு ஆறு பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் வாகனத்தை ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவைக்குப் பெயர் பாதை. வீதி வேறு, பாதை வேறு.) 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தக் காத்திருப்பு போய்விட்டது. கிட்டத்தட்ட 400 மீற்றர் நீளம். பஸ் அதை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. பாலத்தில் இரண்டு பெடியள் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பாதை என்றால் என்னவென்று தெரிந்திருக்காது.

மூதூரில் பஸ் மாற வேண்டும். வெயில் ஏறிவிட்டது. பிளேன்ரீ ஒன்று குடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த வெள்ளைக்காரனின் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த கதை. 1659இன் கடைசியில் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. மறு வருடம் கண்டி அரசனின் ஆட்கள் வந்து, கரையில் ஒரு புளியமரத்தடியில் இருந்த கப்பற்தலைவனையும் அவன் மகனையும் ஆட்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பன் பெயரும் மகன் பெயரும் ஒன்றே, றொபேட் நொக்ஸ். அப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் செத்துப்போனான். மகன் 19 வருடம் கண்டிச் சீமைக்குள் கிடந்து, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினான். 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றி அவன் எழுதிய புத்தகம் வந்தது. மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்ற அந்தப் புளி நின்ற இடத்தில் 1893இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத ஒன்று உண்டு. அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் றொபேட் ஹூக். நுணுக்குக்காட்டியின் கீழ் தக்கையை வைத்துப் பார்த்து, அதிலுள்ள அறைகளுக்குச் 'செல்' என்று பெயர் வைத்தவர். ஊர் திரும்பிய நொக்ஸைப் பிடித்துப் பேச வைத்து, எழுத வைத்து, அச்சுக்கு வழி பண்ணியதில் ஹூக்குக்குப் பெரிய பங்கு. இதே ஹூக் 1665இல் வெளியிட்ட நுணுக்குக்காட்டிப் புத்தகத்தில் தெள்ளுப்பூச்சி, ஈயின் கண் படங்களோடு உறைந்த வடிவங்கள் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. பனி விழும்போது கறுப்புத் துணியையும் கறுப்புத் தொப்பியையும் நீட்டி ஏந்தி, அதில் வந்து உட்காரும் துணுக்குகளைப் பார்த்து வரைந்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஆறு கை.

நானும் அதைத்தான் செய்தேன், ஹூக்கைப் படிக்காமலே. வினிபெக்கில் குளிர்காலச் சட்டை முக்கால்வாசிப் பேருக்குக் கறுப்பு. கையை நீட்டிக்கொண்டு நின்றால் மினுங்குகிற துணுக்குகளில் சில வந்து கையில் குந்தும். மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். பூப்பூவாக இருக்காது. பூ மாதிரியானவை முகிலிலிருந்து வருபவை. மேலேயிருந்து இறங்கும் வழியெல்லாம் கிளை விட்டு வளர நேரம் கிடைத்தவை. இவை வெறும் அறுகோணத் தட்டு, அல்லது பென்சில் துண்டு மாதிரி ஆறு பக்கத் தூண். தண்ணீராகாமல் நீராவி நேரே கட்டியாகும்போது மூலக்கூறுகள் ஆறாறாகக் கைகோக்கின்றன. வளர நேரம் கிடைக்காத அவசரக் குழந்தைகள் என்பதால் அந்த ஆறு பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. பக்கங்கள் கண்ணாடிபோல வழுவழுப்பு. மினுங்கலுக்குக் காரணம் அதுதான்.

கொட்டியாரக் குடாவில் பிடிபட்டவனும் பனித்துணுக்கை வரைந்தவனும் இலண்டன் கோப்பிக் கடைகளில் ஒன்றாக இருந்து கதைத்திருக்கிறார்கள். மூதூர் வெயிலில் பிளேன்ரீயோடு நின்று அதை நினைக்க எனக்கு ஒரு சந்தோசம். தேம்ஸ் ஆறு இறுகி, அதன்மேல் கடை போட்டு வியாபாரம் நடந்த பெரிய குளிர்காலம் 1683, 1684இல்தான் வந்தது. நொக்ஸின் புத்தகம் வந்து மூன்றாம் வருடம்.

பஸ் வந்தது. மூதூரிலிருந்து தெற்கே போனால் இரு பக்கமும் வயல். பெரும்போக வெட்டு தொடங்கியிருந்தது. எங்களுடைய காலத்தில் அரிவாளோடு வரிசையாகக் குனிந்து நின்ற இடத்தில் இப்போது அறுவடை மெசின் உறுமிக்கொண்டு போகிறது, பின்னால் கொக்குகள் ஊர்வலமாக. பிரதான வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் எங்கள் ஊர். அரசாங்கப் பலகையில் ஈச்சிலம்பற்று. வாயில் ஈச்சிலம்பத்தை. பற்று என்பது பழைய காலத்து நிர்வாகப் பிரிவு, கொட்டியாரப் பற்று என்பதுபோல. சுற்றிவர ஊர்ப்பெயர்களே பாதிக் கதை சொல்லும். மாவடிச்சேனை, பூமரத்தடிச்சேனை என்று காடு வெட்டிச் சேனை செய்தவர்களின் பெயர்கள். பூநகர், வட்டவன், கருக்காமுனை. களப்பு கடலோடு சேருகிற இடத்தில் இலங்கைத்துறை முகத்துவாரம். தெற்கே போனால் வெருகலாறு, மகாவலியின் ஒரு கை. அதைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம்.

அந்த ஆற்றைத் தாண்டுவது எங்கள் ஆட்களுக்கு எப்போதும் உல்லாசப் பயணமாக இருந்ததில்லை. 2004 கடல் வந்து அள்ளியது. அது ஆறுவதற்கு முன் 2006இல் சண்டை வந்து, இந்தப் பக்கம் முழுவதும் எழும்பி வெருகலைக் கடந்து வாகரைக்குப் போனது, அங்கிருந்து மட்டக்களப்புக்கு. அம்மா போனது ஒரு சாக்குப் பையோடும் இரண்டு கோழியோடும். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பூவரச வேலி மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றதாம். அதைப் பற்றி அவ அதிகம் சொல்ல மாட்டா. கோழிகளைப் பற்றித்தான் சொல்லுவா.

முதல் நாள் விடிய நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது, நேர வித்தியாசம். வெளியே வந்தால் பனி. அம்மாவின் பனி. முற்றத்தில் கால் வைத்த இடமெல்லாம் ஈரம். வேலிக்கு அப்பால் வயல் தெரியவில்லை, பால் ஊற்றின மாதிரி ஒரு வெள்ளை முழங்கால் உயரத்துக்குப் படுத்துக் கிடந்தது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சுள்ள வீடு எங்கள் ஊரில் எத்தனை என்று எண்ணிவிடலாம், பழமொழி வேறெங்கோ பிறந்திருக்க வேண்டும். எனக்குக் குளிரவில்லை. அம்மா துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு, "உனக்கென்ன, நீ ஐஸ்பெட்டிக்குள்ள இருந்து வந்தவன்" என்றா.

சூரியன் வெளிக்கிட்டதும் வயல் வரம்பில் நடந்தேன். ஒட்டுத்தாளில் சிலந்தி கட்டிய வலைகள், ஒவ்வொன்றிலும் துளி கோத்திருந்தது. வெயில் சாய்வாகப் பட அவ்வளவும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. வடிவுதான். ஆனால் அது என்னுடைய மினுங்கல் இல்லை. துளி உருண்டை, ஒளியை மெதுவாகக் கொடுக்கும். தட்டு சப்பை, ஒரு கணம் பளிச்சென்று அறைந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இரண்டுக்கும் சமையல் ஒன்றேதான். முகில் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொடுத்துக் குளிர்கிறது. தரையோடு ஒட்டிய காற்று முதலில் குளிர்ந்து அடியில் தங்கிவிடுகிறது, மேலே இருப்பது அதைவிடச் சூடு. ஈச்சிலம்பற்றில் அடிக்காற்று இருபது பாகைப் பக்கம் இறங்கினால் போதும், தாங்க முடியாத ஈரத்தைப் புல்லில் இறக்கி வைத்துவிடும். வினிபெக்கில் அதே அடிக்காற்று மைனஸ் 30க்குப் போகிறது. மேலேயுள்ள சற்றுச் சூடான, சற்று ஈரமான காற்று அதற்குள் கசியும்போது ஈரத்துக்குப் புல்லைத் தேடிப் போகக்கூட நேரமில்லை. நின்ற இடத்திலேயே, காற்றுக்குள்ளேயே, கட்டியாகிவிடுகிறது. அண்டார்டிகாவின் நடுமேட்டில் வருடத்தில் எத்தனையோ நாள் இப்படித்தான் கழியும். அங்கே சேரும் பனியில் ஒரு நல்ல பங்கு முகிலிலிருந்து விழுந்ததல்ல, வெறும் வானத்திலிருந்து இப்படி உதிர்ந்தது.

மச்சானிடம் இதைச் சொன்னேன். மோட்டார்சைக்கிளில் களப்புப் பக்கம் கூட்டிப் போய்க்கொண்டிருந்தான். "விளங்குது விளங்குது" என்றான், விளங்காதவர்கள் சொல்கிற மாதிரி. பிறகு, "உனக்கு ஐஸ் மினுங்கிறதுதானே பாக்கோணும்? வா" என்று வாடிக்குத் திருப்பினான்.

மீன் வாடி என்றால் நாலு கம்பும் ஒரு தகரமும். இரவு களப்பில் வலை போட்டவர்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஓரா, மணலை, கொஞ்சம் இறால், ஒரு சட்டி நண்டு. தராசுக்கு முன்னால் முதலாளி கொப்பியோடு இருந்தார். லொறியில் வந்த ஐஸ் கட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றி நிலத்தில் போட்டிருந்தார்கள், ஒரு பிள்ளையின் நீளம் இருக்கும். சாக்கை விலக்கிவிட்டு ஒரு பெடியன் பொல்லால் அடித்தான். அடிக்கிற ஒவ்வொரு தரமும் தூள் பறந்தது. கிழக்கே கடல், கடலுக்கு மேலே ஒரு முழம் சூரியன். அந்தத் தூள் வெயிலுக்குள் போன அரைச் செக்கன், ஈச்சிலம்பற்றில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பனிக்கட்டி மினுங்கியது.

மச்சான் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். ஏறக்குறைய அதுதான். ஆனால் தொழிற்சாலைக் கட்டி உடைந்த துணுக்குக்கு முகம் ஒழுங்கில்லை, கண்ணாடிச் சில்லுப் போல. அது விழும், நனைக்கும். பெடியன் அதை ரெஜிபோம் பெட்டியில் அள்ளிப் போட்டு இறாலை மூடினான். கொழும்புக்குப் போகிற இறால். பகல் பத்து மணிக்குள் எங்கள் ஊரில் ஐஸ் என்ற பொருள் அந்தப் பெட்டிகளுக்குள்ளும், ஐஸ்பழக்காரனின் பெட்டிக்குள்ளும் மட்டுமே இருக்கும். அப்படித்தான் நானும் அன்று இரவு வரை நினைத்தேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு. மறுநாள் புதிர் எடுப்பதற்கு, அதாவது புது நெற்கதிர் அறுத்தெடுப்பதற்கு, எங்கள் துண்டு வயலில் ஒரு மூலையை அம்மா வெட்டாமல் வைத்திருந்தா. மிச்ச நெல்லு முற்றத்தில் படங்கின்மேல் பரப்பிக் கிடந்தது. பகல் முழுதும் காலால் கிளறி விட்டோம். நெல்லுச் சுணை கணுக்காலெல்லாம் கடித்தது. சாப்பிட்டு முடிய வாசல் திண்ணையில் இருந்தோம். ஏறக்குறைய முழு நிலா, உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ யானை வெடி ஒன்று போட்டார்கள், அதற்கு ஊர் நாயெல்லாம் பதில் சொன்னது.

"கோட்ட கட்டியிருக்கு" என்றா அம்மா.

நிமிர்ந்து பார்த்தேன். நிலாவைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். பக்கத்தோடு ஒட்டிய மஞ்சள் பூச்சு இல்லை, அது வேறு, தண்ணீர்த்துளிகள் செய்கிற வேலை. இது தள்ளி நின்ற அகல்வட்டம். உள்விளிம்பு கத்தியால் கீறிய மாதிரி, இலேசாகச் சிவந்து. வெளியே போகப் போகக் கரைந்து. வட்டத்துக்குள் இருந்த வானம் வெளி வானத்தைவிட ஒரு பிடி கறுப்பு. பழைய தமிழில் இதற்கு ஊர்கோள் என்றும் பரிவேடம் என்றும் பெயர். அகல்வட்டம் பகல்மழை என்று பழமொழி.

எழும்பி முற்றத்தில் நின்று கையை முழுசாக நீட்டினேன். பெருவிரல் நுனியை நிலாவில் வைத்து விரல்களை விரித்தேன். சுண்டுவிரல் நுனி வட்டத்தில் போய் முட்டியது. ஒரு சாண்.

வினிபெக்கில் எத்தனையோ காலைகள் இதே கையால் இதே சாணை அளந்திருக்கிறேன். வைரத்தூசி நிற்கும் நாட்களில் சூரியனுக்கு இடமும் வலமும், சரியாக ஒரு சாண் தள்ளி, இரண்டு போலிச் சூரியன்கள் எரியும். இரவில் தெரு விளக்குகளுக்கு மேலே ஒளித்தூண்கள் எழும்பி நிற்கும். ஊரே ஆயிரங்கால் மண்டபம் கட்டத் தொடங்கி இடையில் விட்டுவிட்ட மாதிரி. எல்லாம் அந்தத் தட்டுகளும் தூண்களும் செய்வதே. ஆறு பக்கத் தூணில் ஒரு பக்கத்தால் நுழைகிற கதிர், அடுத்த பக்கத்தை விட்டு அதற்கு அடுத்ததால் வெளியேறுகிறது. அந்த இரண்டு பக்கத்துக்கும் இடையே 60 பாகை. பனிக்கட்டியின் முறிவுச்சுட்டி 1.31. இந்த இரண்டு எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டால் கதிர் ஆகக் குறைந்தது 22 பாகை திரும்ப வேண்டும் என்று வரும். அதைவிடக் குறையத் திரும்ப வழியில்லை, அதனால் உள்வானம் கறுப்பு. பெரும்பாலானவை அந்த 22ஐ ஒட்டியே குவிவதால் விளிம்பு கூர். நீட்டிய கையில் ஒரு சாண் என்பது ஏறக்குறைய 22 பாகை. கனடாவிலும் அதுதான், ஈச்சிலம்பற்றிலும் அதுதான், ஏனென்றால் கட்டிக்கு ஆறு பக்கம் என்பது எங்கேயும் மாறாது.

வட்டம் இருக்கிறதென்றால் கட்டி இருக்கிறது. எங்கள் முற்றத்துக்கு நேர் மேலே. நெல்லுக்கும் படங்குக்கும், திண்ணையில் வெற்றிலை இடிக்கிற அம்மாவுக்கும் மேலே, பத்து கிலோமீற்றருக்கும் கூட உயரத்தில், இருக்கிறது என்றே தெரியாத ஒரு மெல்லிய கீற்றுமுகிலில் கோடானுகோடியாக மிதக்கிறது. ஒவ்வொரு கிலோமீற்றர் ஏற ஆறு, ஆறரைப் பாகை குளிர்ந்துகொண்டு போகும். ஐந்து கிலோமீற்றரில் எங்கள் வானமும் பூச்சியத்தைத் தொட்டுவிடும். பத்துக்கு மேலே போகப் போக வினிபெக்கின் மிகக் கொடிய நாளைவிடக் குளிர். விமானத் திரையில் பார்த்த மைனஸ் 54 இந்த வானத்தின் வாசலில்தான். நான் குளிர் நாட்டுக்குப் போனேன் என்று சொல்லிக்கொள்வது பாதி உண்மை. குளிர் இங்கேயும் இருந்தது, நிமிர்த்தி வைத்த ஏணியில் எட்டாத படியில். வினிபெக்கில் அந்த ஏணி சரிந்து மேற்படி தரையைத் தொட்டுவிடுகிறது, அவ்வளவு வித்தியாசம்.

அம்மாவுக்குச் சொன்னேன், இந்த முறை வைரத்தை எடுக்காமல்.

"அம்மா, அந்தக் கோட்ட இருக்கெல்லோ. அது சின்னச் சின்ன ஐஸ் துண்டு. அந்த உயரத்தில மிதக்குது."

"ஐஸ்?"

"ஓம். நான் ஃபோனில காட்டினது இதுதான். அங்க அது நிலத்துக்கு வந்திரும். நாங்க அதுக்குள்ளால நடந்து பஸ்ஸுக்குப் போவம்."

அவ உடனே ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலை உரலை நிலத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தா. நான் காட்டிக் கொடுக்க, எழும்பி வந்து தானும் கையை நீட்டினா. பெருவிரல் நிலாவில். பின்னுக்கு வளைந்த, காப்பு ஏறி இறங்குகிற மெலிந்த கை. விரல்கள் முழுதாக விரியவில்லை, வாதம். சுண்டுவிரலுக்கும் வட்டத்துக்கும் இடையில் ஒரு விரற்கிடை வெளி இருந்தது.

"உனக்கு எட்டுது. எனக்கு எட்டல்ல" என்றா. பிறகு, "அதுக்குள்ளாலயா நடக்கிறனீங்க?"

"ஓம்."

"மூக்குக்குள்ள போகாதா?"

பத்து வருடத்தில் அவ கேட்ட முதல் சரியான கேள்வி. போகும் என்றேன். மூக்கு மயிரெல்லாம் ஒட்டிக்கொள்ளும், மூச்சு இழுக்க உள்ளே சின்னதாகக் குத்தும், ஒரு மணமும் இருக்காது. அங்கே கடுங்குளிரில் எதற்கும் மணம் இல்லை என்பதையும் சொன்னேன். அது அவவுக்குப் பெரிய கவலையாகப் போய்விட்டது. அடுப்பு மணம் கூடவா என்று கேட்டா. வெளியே நின்றால் குறைவுதான் என்றேன். நாக்கைத் தட்டினா.

ஏன் அது எங்கள் தலையில் விழுவதில்லை என்றும் கேட்டா. விழுகிறதுதான், மெல்ல மெல்ல. கீழே வர வரக் காற்று சூடு, வழியிலேயே ஆவியாகிவிடும். ஆனால் மாரியில் இடியோடு வருகிற பெரிய மழை இருக்கிறதே, அதில் எத்தனையோ துளி மேலே பனியாகவும் ஆலியாகவும் இருந்து இறங்கும்போது உருகியதே. எண்ணி இருந்தால் அவ எழுபது மாரி அந்தத் தண்ணீரில் நனைந்திருக்கிறா. இதைச் சொன்னபோது அவவின் கவனம் வேறெங்கோ இருந்தது. நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"கோட்ட கட்டினா மழ வரும். இத மூடுவம்."

குளிர்நாடுகளில் இந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். அங்கே பெரிய மழைத்தொகுதிகளுக்கு முன்னால் கட்டியக்காரன் மாதிரி இந்த முகில்தான் முதலில் வரும். எங்கள் பக்கத்தில் எங்கோ தூரக் கடலில் இடித்துத் தீர்ந்த முகிலின் மிச்சமும் காற்றில் இழுபட்டு வந்து இதே வட்டத்தைப் போடும். மழை அங்கேயே முடிந்திருக்கும். இதை அம்மாவிடம் சொல்லப் போய் நிறுத்திக்கொண்டேன். நெல்லு அவவுடையது, முறிவுச்சுட்டி என்னுடையது.

படங்கின் நாலு மூலையையும் இழுத்து நெல்லை நடுவுக்குக் குவித்தோம். இன்னொரு படங்கு எடுத்து மேலே போட்டு, சுற்றிவரக் கல்லும் உரலும் பழைய சைக்கிள் ரிம் ஒன்றும் பாரம் வைத்தோம். முடிய எனக்கு மூச்சு வாங்கியது. வட்டம் அப்படியே நின்றது. படுக்கப் போகுமுன் இன்னொருமுறை கையை நீட்டி அளந்தேன், மாறவில்லை.

விடிய மழை இல்லை. ஒரு துளி இல்லை. வானம் கழுவித் துடைத்த மாதிரி. வெருகல் கோவிலுக்குப் போகிற ஆட்களின் சத்தம் வீதியில் கேட்டது. அம்மா எனக்கு முன்னரே எழும்பிக் குளித்து, புதிருக்கு அரிவாளைக் கழுவி வைத்துவிட்டு, முற்றத்தில் நின்று மேற்படங்கின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தா. அதன் மடிப்பெல்லாம் நிறையத் தண்ணீர் தேங்கி வெயிலில் கண் கூசியது.

"மழையா பெய்தது?" என்று கேட்டேன்.

"சீச்சீ. பனி" என்று சொல்லிவிட்டு, மற்ற மூலையைப் பிடிக்கச் சொன்னா. இரண்டு பேருமாகத் தூக்கி உதறினோம்.